கயாக்கில் மீன்பிடிக்க ட்ரைசூட் வாங்கும் முன்: 75,400 ரூபாய் கொடுத்து நான் கற்றது

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில். அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தார். ஆறு வயதில் நீந்தக் கற்றேன். எட்டு வயதில் கரையோரப் பாறையில் உட்கார்ந்து தங்கூசி நரம்பில் தூண்டில் போட்டேன். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஆர்.கே.புரத்தில் வீடு, அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கடல் இல்லாத ஊரில் இருக்கிறோமே என்ற ஏக்கம் போகவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பத்தடி நீளத்தில் ஒரு கயாக் வாங்கினேன். மேலே உட்கார்ந்து துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகு. அதை வேகன் ஆர் மேல் கட்டிக்கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூருக்குப் போவேன். பக்ரா அணை சட்லெஜ் நதியைத் தடுத்ததால் உண்டான கோவிந்த் சாகர் ஏரி அங்கேதான் இருக்கிறது. பழைய பிலாஸ்பூர் ஊரே அதற்குள் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கும் மாதங்களில் பழைய கோயில்களின் கோபுரங்கள் வெளியே தெரியும். மீன்வளத் துறையில் உரிமம் எடுத்துக்கொண்டு அந்த ஏரியில் தூண்டில் போடுவதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை வேறு எதுவும் தரவில்லை. அதே ஏரியில்தான் போன வருடத்துக்கு முந்தைய ஜனவரியில் நான் செத்திருப்பேன்.

அன்று காலை ஏரி முழுக்க மூடுபனி. பதினொரு மணிக்கு மேல் விலகி, நல்ல வெயில் வந்தது. காற்று சுகமாக இருந்தது. கரையில் நின்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். நான் உள்ளே காட்டன் தெர்மல், மேலே ஒரு உல்லன் ஸ்வெட்டர், அதற்கு மேல் மார்பு வரை வரும் வேடர்ஸ் என்கிற ரப்பர் கால்சட்டை, மழைக்கோட்டு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் போட்டிருந்தேன். தண்ணீர் உடம்பில் படாது, இது போதும் என்று நினைத்தேன். கரையிலிருந்து 150 மீட்டர் இருக்கும். நங்கூரக் கயிறு எதிலோ மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் சாய்ந்து பிடித்து இழுத்தேன். கயிறு சட்டென்று விடுபட்டது, நான் மறுபக்கம் போனேன். அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

தண்ணீருக்குள் விழுந்ததும் நடந்ததைத் தூத்துக்குடிக் கடல் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. நான் இழுக்காமலே நெஞ்சு காற்றை இழுத்தது, திரும்பத் திரும்ப, நாய் இரைப்பது மாதிரி. அந்த முதல் இழுப்பின்போது வாய் தண்ணீருக்கு மேலே இருந்தது. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. கயாக்கைப் புரட்டி நிமிர்த்தினேன். மேலே ஏற முயன்றேன். வேடர்ஸ் முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தத் தண்ணீருக்குக் கனம் தெரியாது. உடம்பை வெளியே தூக்கும்போதுதான் இரண்டு காலிலும் இரண்டு குடம் கட்டிவிட்ட மாதிரி இழுத்தது. மூன்று தடவை முயன்றேன். நாலாவது தடவை கயாக்கின் பட்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. விரலைப் பார்க்கிறேன், மடங்கு என்று மனதில் சொல்கிறேன், அது அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் காட்சி இன்னமும் கனவில் வருகிறது.

முழங்கையை கயாக்கின் மேல் போட்டுக்கொண்டு காலால் உதைத்தே கரைப் பக்கம் வந்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் வலை எடுக்க வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டுப் படகைத் திருப்பினார். அங்குள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர். நான் சாச்சா என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவி என்னை வீட்டுக்குள்ளே கொண்டுபோய் ஈரத்துணி எல்லாவற்றையும் கழற்றி, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையில் சுற்றி, சர்க்கரை அதிகம் போட்ட டீ கொடுத்தார். யாரோ கைகாலைப் பரபரவென்று தேய்க்க வந்தபோது அந்த அம்மா தடுத்தார். அது சரிதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: உடம்பு அப்படி விறைத்திருக்கும்போது தேய்க்கக் கூடாது, மதுவும் கொடுக்கக் கூடாது, ஈரத்தை எடுத்துவிட்டுப் போர்த்த வேண்டும், நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். தூண்டில், ரீல், பையில் இருந்த போன் எல்லாம் ஏரிக்குள் போனது. 36,000 ரூபாய். போனைப் பையில் வைத்தது என் தப்பு. அது உடம்போடு, லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும். கரையில் இருக்கிற பையிலிருந்தும் ஏரிக்கு அடியில் கிடக்கிற பையிலிருந்தும் யாரையும் கூப்பிட முடியாது.

அதற்குப் பிறகு வெப்பமானி வாங்கி அளந்ததில் அந்த ஏரியின் மேல்தண்ணீர் ஜனவரியில் 13 டிகிரி காட்டியது. 13 டிகிரி என்றால் ஐஸ் இல்லை, நம் வீட்டு ஃபிரிட்ஜ் தண்ணீர் அளவுகூட இல்லை. ஆனால் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனாலே உடம்புக்கு அந்த மூச்சு அதிர்ச்சி வந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை எடுத்துவிடும். போதாததற்கு, பண்டோவில் தடுக்கப்படும் பியாஸ் நதித் தண்ணீர் 1977 முதல் மலைக்குள் சுரங்கம் வழியாக வந்து டேஹரில் சட்லெஜில் சேர்ந்து இதே ஏரிக்குத்தான் வருகிறது. இரண்டுமே பனிமலைத் தண்ணீர். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் இதையே வாழ்நாள் வேலையாக ஆராய்ந்த கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். அதாவது, முதலில் போவது உயிர் இல்லை, கை. நீச்சல் தெரியும் என்ற தைரியம் அந்தப் பத்து நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும் என்று எனக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஏரியை நினைத்தாலே நடுக்கம். பதினோராவது நாள் ராத்திரி உட்கார்ந்து ட்ரைசூட், அதாவது கழுத்து முதல் கால் வரை மூடி, தண்ணீரை உள்ளே விடாத உடை, தேட ஆரம்பித்தேன். வீட்டுக்காரர், "இனிமே போகவே வேணாமே" என்றார். அவர் பயம் நியாயம். ஆனால் போகாமல் இருந்தால் அந்த விரல் மட்டுமே என் மனதில் மிஞ்சும் என்று தோன்றியது. பயத்தில் வாங்கியதுதான் என் முதல் தப்பு. வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் தள்ளுபடியில் ஒரு சூட் 52,000 ரூபாய்க்கு வந்தது. உயரத்தை மட்டும் பார்த்து அளவு தேர்ந்தெடுத்தேன். ஆண்களுக்கான மீடியம். சுங்க வரியும் கூரியரும் சேர்ந்து இன்னொரு 23,400. மொத்தம் 75,400. திருப்பி அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் திருப்பி அனுப்பும் செலவு நம்முடையது, கட்டிய வரியும் சுலபத்தில் திரும்பாது என்பதைப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் விசாரித்தேன். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற நான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் பொருளின் விலையோடு வரி எவ்வளவு, அளவு சேராவிட்டால் யார் செலவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் தெரிந்த முதல் குறை, ஜிப் முதுகில் இருந்தது. தோள் முதல் தோள் வரை குறுக்கே ஓடுகிறது. தண்ணீர் புகாத ஜிப் என்பதால் சாதாரண ஜிப் மாதிரி வழுக்கிக்கொண்டு போகாது, பலமாக இழுக்க வேண்டும். கூட ஒரு ஆள் இருந்தால் நல்ல சூட். நான் தனியாகப் போகிறவள். வீட்டில் இவரை இழுக்கச் சொல்லலாம், ஏரிக்கரையில் யாரைச் சொல்வது? அதுவும் ஒரு பெண், முதுகைக் காட்டி முன்பின் தெரியாதவரிடம் ஜிப் போட்டுவிடச் சொல்ல முடியுமா? தனியாகப் போகிறவர்கள் முன்பக்கம் குறுக்காக, தோளிலிருந்து இடுப்புக்கு வரும் ஜிப்பைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. பித்தளைப் பல் ஜிப் மடிந்தால் உடைந்துவிடும், மெழுகு தேய்க்க வேண்டும்; டிஜிப் போன்ற பிளாஸ்டிக் ஜிப் லகுவாக மடியும், முனையில் அவர்கள் கொடுக்கிற கிரீஸ் வைக்க வேண்டும். எதுவானாலும் கடைசி அரை அங்குலம்தான் முக்கியம். முனை வரை போய் இறுகியதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

இரண்டாவது குறை, சிறுநீர் கழிக்க வழியில்லை. இதைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டுத்தான் நிறைய பேர் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். ஆண்களுக்கான சூட்டில் முன்னால் ஒரு சின்ன ஜிப் இருக்கும். என்னுடையதில் அதுவும் இல்லை, இருந்தாலும் எனக்குப் பயன்படாது. பெண்களுக்கென்று இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் திறக்கிற ஜிப் வைத்த சூட்டுகள் இருக்கின்றன. அது இல்லாமல் நான் என்ன செய்தேன் என்றால், முந்தைய ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். ஏழு மணி நேரம் கார் ஓட்டி, நாலு மணி நேரம் துடுப்புப் போட்டு, தலைவலியில் வாந்தி எடுத்தேன். தண்ணீர் குடிக்காத உடம்பு குளிரையும் தாங்காது. அந்த ஜிப்புக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் செலவு இல்லை.

மூன்றாவது, கழுத்து. ட்ரைசூட்டின் உயிரே கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கிற கேஸ்கெட்டில்தான் இருக்கிறது. லேடெக்ஸ் ரப்பரில் கூம்பு மாதிரி இருக்கும், தோலோடு ஒட்டி நிற்கும். புதிதாக வரும்போது எல்லோருக்குமே இறுக்கமாகத்தான் இருக்கும். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தரிக்க வேண்டும் என்று தெரிந்தது, எப்படி என்று தெரியவில்லை. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டாக ஒரு அங்குலம் வெட்டினேன். ஓரம் மேடும் பள்ளமுமாக வந்தது. ஒரு இடத்தில் நகம் பட்ட மாதிரி சின்னதாக ஒரு கீறல். அடுத்த தடவை தலையை நுழைத்தபோது அந்தக் கீறலிலிருந்து தோள் வரை பர்ரென்று கிழிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சரியான முறை இதுதான். முதலில் வெட்டவே கூடாது. கழுத்து வட்டத்தை ஒரு பாத்திரத்தில் மாட்டி ராத்திரி முழுக்க இழுத்து வைக்க வேண்டும். எனக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளி சரியாக இருந்தது; விளிம்பு மழுங்கலாக இருக்க வேண்டும், மூடி மாட்டும் காது இல்லாத பக்கமாக நுழைக்க வேண்டும். அதற்கும் இறுக்கம் விடவில்லை என்றால் அப்படியே பாத்திரத்தில் இழுத்து வைத்த நிலையில், கூரான கத்தரிக்கோலால், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் மட்டும், கத்தரியை முழுக்க மூடாமல் ஓட்டமாக வெட்ட வேண்டும். போட்டுப் பார்த்து, எச்சில் விழுங்க முடிகிறதா, பேச முடிகிறதா, பத்து நிமிடத்தில் முகம் சிவக்கிறதா என்று பார்த்து, தேவை என்றால் இன்னொரு 3 மில்லிமீட்டர். மணிக்கட்டுக்கும் இதே கதைதான். அங்கே இன்னொன்று இருக்கிறது: துடுப்பை இறுக்கிப் பிடிக்கும்போது உள்மணிக்கட்டில் இரண்டு நரம்பு புடைத்து நடுவில் ஒரு வாய்க்கால் விழும். தண்ணீர் அந்த வழியாக ஏறும். கேஸ்கெட்டை எலும்புக்கு மேலே, கை தட்டையாக இருக்கிற இடத்தில் இழுத்து விட்டால் நிற்கும். கழுத்துக்கு லேடெக்ஸ் வேண்டாம், நியோப்ரீன் என்கிற மென்மையான நுரை ரப்பர் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. சுகமாக இருக்கும், ஆனால் தலை முங்கினால் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். தனியாகக் கரையை விட்டு விலகிப் போகிறவருக்கு லேடெக்ஸ்தான் என்பது என் முடிவு.

கிழிந்ததற்கு என் வெட்டு மட்டும் காரணம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. லேடெக்ஸுக்கு எண்ணெய் எமன். நான் தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவள், பின்னல் கழுத்தில்தான் புரளும். அதோடு முகத்துக்குப் போடும் சன்ஸ்கிரீன். இரண்டும் சேர்ந்து சில வாரத்தில் அந்த ரப்பரைப் பிசுபிசுப்பாக்கியிருந்தன. இப்போது ஏரிக்குப் போவதற்கு முந்தின நாள் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு எண்ணெய் இல்லாமல் போகிறேன், கொண்டை ஊசி எடுத்துவிடுகிறேன், சன்ஸ்கிரீனைச் சூட் போட்ட பிறகு முகத்துக்கு மட்டும் தடவிக் கையைத் துடைத்துக்கொள்கிறேன். தாலிச்சங்கிலி, வளையல், ஜிமிக்கி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மெட்டியை மறக்காதீர்கள். சூட்டோடு சேர்ந்து வரும் துணிக் காலுறைக்குள் மெட்டி அழுத்தி அழுத்தி உள்பூச்சைத் தேய்த்துவிடும், எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், அவர்களுக்கு மெட்டி என்றால் என்ன என்றே தெரியாது.

அந்தச் சூட்டின் துணியும் சரியில்லை. ரெயின்கோட்டு மாதிரி ஒரு பூச்சுப் பூசிய நைலான், வியர்வை வெளியே போகாது. ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டதும் உள்ளே நனைந்துவிட்டது. ஓட்டை என்று நினைத்து மூன்று நாள் தேடினேன். அது என் வியர்வை. ட்ரைசூட் என்றால் சூடாக வைத்திருக்கும் உடை என்றுதான் நான் நம்பியிருந்தேன். அது சூடே தராது. தண்ணீரை வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். சூடு உள்ளே போடும் துணியிலிருந்தும் அந்தத் துணி காய்ந்திருப்பதிலிருந்தும் வருகிறது. ஆகவே காட்டன் கூடவே கூடாது. நனைந்த காட்டன் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். தோலை ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற பஞ்சு மாதிரியான செயற்கைத் துணியில் சட்டையும் கால்சட்டையும், காலுக்குக் கம்பளி சாக்ஸ். எனக்கு இவை எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் ஆனது, டெகாத்லான் என்ற விளையாட்டுச் சாமான் கடையிலேயே கிடைத்தது. வெளியே மூன்று அடுக்கு ஒட்டிய, வியர்வை ஆவியை விடுகிற துணி வேண்டும். கோர்-டெக்ஸ் என்றாலும் சரி, அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் துணி என்றாலும் சரி. உட்காரும் இடத்திலும் முழங்காலிலும் இன்னொரு அடுக்கு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். மீன்பிடிக்கிறவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்போம், அங்கேதான் முதலில் தேயும்.

இரண்டாவது சூட்டை அவசரப்படாமல் எட்டு மாதம் எடுத்துக்கொண்டு வாங்கினேன். அக்கா டொராண்டோவில் இருக்கிறாள். என்னைவிட நாலு வயது பெரியவள், உயரமும் உடம்பும் கிட்டத்தட்ட என் அளவு. கயாக் சாமான் விற்கும் கடைக்கு அவளைப் போகச் சொல்லி வீடியோ காலில் உட்கார்ந்தேன். ஃப்ளீஸ் போட்டுக்கொண்டு அதற்கு மேல் சூட்டைப் போடச் சொன்னேன்.

"அக்கா, அப்படியே குத்தவச்சு உக்காரு."

"ஏ பிள்ள, கடையில எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்க்கா. கவட்டில இழுக்குதா?"

"இழுக்குது."

"அப்ப அது வேண்டாம். அடுத்த சைஸ் கேளு."

இப்படி மூன்று சூட் மாற்றினாள். குத்தவைத்து உட்கார வேண்டும், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மாதிரி இடுப்பைத் திருப்ப வேண்டும். எங்கேயும் இழுக்கக் கூடாது. அதேசமயம் தொளதொளவென்று காற்று அடைத்துக்கொண்டும் நிற்கக் கூடாது. உயரம், மார்பு, இடுப்பு அளவு மட்டும் போதாது. தோளில் டேப்பை வைத்து முன்பக்கமாகக் கால் நடுவே கொண்டுபோய் முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவரும் சுற்றளவுதான் சூட்டின் உண்மையான அளவு. அதை ஃப்ளீஸ் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். கடைசியில் பெண்களுக்கான வகையில் முன் ஜிப், பின்னால் திறக்கும் ஜிப், துணிக் காலுறை, லேடெக்ஸ் கழுத்து எல்லாம் இருக்கிற ஒன்று கிடைத்தது. அடர்ந்த ஆரஞ்சு நிறம். கறுப்பும் கரும்பச்சையும் பார்க்க அழகாக இருந்தன. ஆனால் குளிர்காலக் காலையில் அந்த ஏரியில் பனி இறங்கினால் முப்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தேடி வருகிறவர் கண்ணில் நான் பட வேண்டும். நம் பணத்தில் 98,000 ஆனது. கூடவே ஒரு ஜோடி மணிக்கட்டு கேஸ்கெட்டும் ஒரு கழுத்து கேஸ்கெட்டும் ஒட்டும் பசையும் வாங்கிவரச் சொன்னேன். கிழிந்தால் இங்கே தேடி அலைவதைவிட அது மேல். பழைய சூட்டை ரிஷிகேஷில் ராஃப்டிங் ஓட்டும் ஒரு பையனுக்குக் குறை எல்லாவற்றையும் சொல்லி 15,000-க்குக் கொடுத்தேன்.

வந்ததும் தண்ணீரில் இறங்கவில்லை. மொட்டை மாடியில் சூட்டை உள்வெளியாகப் புரட்டி, இரண்டு மணிக்கட்டிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் செருகி, கழுத்தில் அதே தூக்குவாளியை மாட்டி, பின்னால் திறக்கும் ஜிப் வழியாகக் காற்றை அடைத்து மூடி, சோப்புத் தண்ணீரைத் தையல் மேலெல்லாம் தூரிகையால் தடவினேன். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வரவில்லை. இந்தச் சோதனையை வருடத்துக்கு ஒரு தடவை குளிர் ஆரம்பிக்கும் முன் செய்கிறேன். பிறகு நவம்பரில் பிலாஸ்பூர் போய், இடுப்பளவு தண்ணீரில், சாச்சா கரையில் கயிறு பிடித்து நிற்க, வேண்டுமென்றே விழுந்தேன். இறங்குவதற்கு முன் குத்தவைத்து உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை ஒரு விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட வேண்டும். புஸ்ஸென்று போகும். இல்லாவிட்டால் சூட் பலூன் மாதிரி உப்பி நீந்த விடாது. முதல் தடவை ஜிப்பின் கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடாமல் விட்டிருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனது. அந்த ஒரு டம்ளர் நெஞ்சில் பட்டதும் பழைய மூச்சிரைப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. சாச்சா கயிற்றை இழுக்கப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஜிப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன். அன்று பதினோரு தடவை கயாக்கைப் புரட்டி ஏறினேன். காலை உதைத்து, உடம்பைக் கிடையாக்கி, வயிற்றால் கயாக்கின் குறுக்கே சறுக்கி ஏற வேண்டும். நேராக நின்ற வாக்கில் தூக்கினால் ஏறவே முடியாது. சூட்டோடு சேர்த்து இந்தப் பயிற்சியையும் வாங்கினால்தான் முழுமை. லைஃப் ஜாக்கெட்டைச் சூட்டுக்கு மேல் எப்போதும் போட வேண்டும். சூட் மிதக்க வைக்கும் பொருள் இல்லை.

டெல்லியில் இதைப் பாதுகாப்பது தனிக் கஷ்டம். மே, ஜூனில் பரணில் போட்டால் லேடெக்ஸ் வெந்துவிடும். நான் சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உள்ளும் வெளியும் நிழலில் காயவைத்து, ஜிப்பைத் திறந்த நிலையில், கூலர் ஓடும் அறை அலமாரியில் தடிமனான ஹேங்கரில் தொங்கவிடுகிறேன். லேடெக்ஸுக்கு 303 என்ற பாதுகாப்புத் திரவத்தை அவ்வப்போது தடவுகிறேன். மீன்பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு எதிரி நம் கையிலேயே இருக்கிறது: தூண்டில் முள். மூன்று கவர் முள் இருக்கும் செயற்கை இரைகளை மடியில் வைக்கவே கூடாது. நான் கொண்டி (முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்) இல்லாத ஒற்றை முள்ளுக்கு மாறிவிட்டேன். துணியில் குத்தினாலும் கிழிக்காமல் வந்துவிடும், மீனைத் திருப்பி விடவும் சுலபம். குத்திய இடத்தை அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும்.

இவ்வளவு பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகாதே. அக்டோபரில் போ, ஏப்ரலில் போ; ஜூன் நடுவிலிருந்து இரண்டு மாதம் மீன்பிடிக்கவே தடை, அதையும் கணக்கில் வை. உடம்போடு ஒட்டி நிற்கும் கையில்லாத நியோப்ரீன் உடை (வெட்சூட்), மேலே நீர் புகாத சட்டை போட்டுக்கொண்டு கரையை ஒட்டியே போ, தனியாகப் போகாதே. மலிவான ட்ரைசூட் வாங்கி அதை நம்பி ஜனவரியில் நடு ஏரிக்குப் போவது, ஒன்றும் போடாமல் போவதைவிட ஆபத்து, ஏனென்றால் அது தைரியத்தைக் கொடுத்துவிடும்.

எனக்கு இன்னும் தீராதது கை. சூட் மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் கையுறை போட்டால் தங்கூசியில் முடிச்சுப் போட முடியவில்லை. கழற்றினால் ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப் போகிறது. போன ஜனவரியில் கையுறையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனி இரண்டையும் வெட்டிவிட்டுப் பார்த்தேன், முடிச்சு விழுந்தது, ஆனால் வெட்டிய இடத்தில் தண்ணீர் ஏறியது. இப்போது துடுப்பிலேயே மாட்டிக்கொள்கிற உறை ஒன்றை அக்கா அனுப்பியிருக்கிறாள். கையை அதற்குள் விட்டுத் துடுப்புப் போடலாம், முடிச்சுக்கு வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கவிழ்ந்தால் அதிலிருந்து கை உடனே வெளியே வருமா என்று பார்க்க வேண்டும். வரும் சனிக்கிழமை இடுப்பளவு தண்ணீரில் சாச்சா கயிற்றோடு நிற்கச் சம்மதித்திருக்கிறார்.